அடிபட்ட பழைய பேஸ் கிட்டார்: வாங்கலாமா, விடலாமா?

பழைய பேஸ் கிட்டாரை விற்க வருபவர் முதலில் காட்டும் குறை பெரும்பாலும் பெரிய குறையாக இருக்காது. "சவுண்டு வரலைங்க, ஒயர் மட்டும்தான் பாக்கணும்" என்பார். இல்லையென்றால் பாடியில் பெயின்ட் பெயர்ந்த இடத்தைக் காட்டி, அதற்காகத்தான் விலையைக் குறைத்ததாகச் சொல்வார். ஒயர் அரை நாள் வேலை. பெயின்டுக்கு வேலையே வேண்டாம், அப்படியே வாசிக்கலாம். அவர் காட்டாதது, பல நேரம் அவருக்கே தெரியாதது, நெக்கின், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தின், நிலைமை. அந்தக் கருவிக்குப் பணம் போடலாமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) கொண்ட பேஸில் நான்கு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் நெக்கின் மேல் விழும் மொத்த இழுப்பு 80 கிலோவை ஒட்டி வரும். ஆறு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏறத்தாழ இதில் பாதிதான். பேஸின் நெக் நீளமும் அதிகம். இந்த இழுப்புக்கு எதிராக நெக்கை நிமிர்த்திப் பிடித்திருப்பது அதன் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு. அது வேலை செய்து, நெக்கும் முறுக்கிக்கொள்ளாமல் இருந்தால் மற்ற எல்லாக் கோளாறுக்கும் வழி உண்டு. ராட் போய்விட்டால், அதன் பின்னால் எவ்வளவு நல்ல பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இருந்தாலும் அந்தக் கருவி உதிரிபாகம்தான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் கைமாறும் பேஸ்களுக்கு இரண்டு விதமான வாழ்க்கை இருந்திருக்கும். ஒன்று மெல்லிசைக் குழு. ஆடி மாதத்து அம்மன் கோயில் திருவிழாக்களுக்கு வேனின் பின்பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே உறை இல்லாமல் போய் வந்தது. அதில் தலை அடிபட்டிருக்கும், கம்பியை முறுக்கும் கீ வளைந்திருக்கும், கேபிள் செருகும் ஜாக் ஆடும், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளான ஃப்ரெட்டுகளில் முதல் ஐந்து தேய்ந்திருக்கும். இன்னொன்று தேவாலயப் பாடகர் குழு. அங்கே கருவி அதிகம் அடிபடாது. ஆனால் ஒரு ஞாயிறுக்கும் அடுத்த ஞாயிறுக்கும் நடுவே சுவரில் சாய்ந்தபடி, கம்பி முழு இழுப்பில், ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் கத்திரி வெயிலையும் மாறி மாறி வாங்கிக்கொண்டு நிற்கும். துரு, நெக் வளைவு, பூச்சி எல்லாம் இந்த வகையில் அதிகம். வேளாங்கண்ணி, தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களிலிருந்து வருவது என்றால் உப்புக் காற்றையும் கணக்கில் சேருங்கள். எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாலே எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

பார்க்கப் போகும்போது பையில் இவை இருக்கட்டும்: நீங்கள் சோதித்து வைத்திருக்கும் ஒரு கேபிள், சிறிய ஆம்ப் அல்லது ஹெட்போன் ஆம்ப், மல்டிமீட்டர், 60 செ.மீ. இரும்பு ஸ்கேல், 1.5 முதல் 6 மி.மீ. வரையிலான ஆலன் சாவிகள், நட்சத்திரத் திருப்புளி, புதிய 9 வோல்ட் பேட்டரி, கேப்போ (கம்பிகளை ஃப்ரெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்), டார்ச். கூடவே ஒரு ஃபீலர் கேஜ், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு. இதற்கு இசைக்கருவிக் கடைக்குப் போக வேண்டாம். ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்க மெக்கானிக் வைத்திருப்பதேதான், ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையில் கிடைக்கும். சுமாரான பழைய கம்பி ஒரு செட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பாதிப் பேர் கம்பி இல்லாமல்தான் விற்கிறார்கள்.

கம்பி இல்லாத பேஸின் நெக்கைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. இழுப்பு இல்லாதபோது கெட்ட நெக்கும் நேராகத்தான் தெரியும். கம்பி மாட்டி, ஈ ஏ டி ஜி சுருதிக்கு ஏற்றி, குறைந்தது அரை மணி நேரம் விட்ட பிறகுதான் சோதனை. விற்பவர் அவசரப்பட்டால் மற்ற பாகங்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். அந்த நேரம் தராதவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

நெக்

முதலில் கண். கருவியைத் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். நட்டின் (தலையருகே கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு) கோடும், பிரிட்ஜ் (பாடியில் கம்பியின் மறுமுனையைப் பிடிக்கும் பாகம்) பக்கத்துக் கடைசி ஃப்ரெட்டின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒன்று சாய்ந்து தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. ட்ரஸ் ராட் முன்பின் வளைவை மட்டுமே திருத்தும், முறுக்கைத் திருத்தாது. லேசான முறுக்கு என்றால் ஃப்ரெட்டைச் சீவிச் சமன் செய்து சமாளிக்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து அளவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் ஈ கம்பியை விரலால் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு. ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே ஃபீலர் தகடை நுழைத்துப் பாருங்கள். 0.25 முதல் 0.35 மி.மீ. வந்தால் சரியான நெக். 0.6, 0.7 வந்தாலும் கவலை இல்லை, ராட் திருப்பினால் வந்துவிடும். 1 மி.மீ. தாண்டினால் ராடின் மேல் சந்தேகம் வர வேண்டும். இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் உட்கார்ந்திருந்தால் நெக் பின்னோக்கி வளைந்திருக்கிறது. ராட் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கலாம், அல்லது முறுக்கியபடியே கம்பியைக் கழற்றிப் பல மாதம் போட்டிருக்கலாம்.

இப்போது ராடைச் சோதிக்க வேண்டும். அதற்கு முன் விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், கேட்காமல் கை வைத்தால் சண்டை வரும். ராடைத் திருப்பும் நட் (கம்பி உட்காரும் நட் வேறு) தலைப்பக்கம் மூடிக்குள் இருக்கும், அல்லது பாடிப் பக்கம் நெக்கின் முனையில் இருக்கும். மாடலைப் பொறுத்து 4 அல்லது 5 மி.மீ. ஆலன் சாவி போகும். சிலவற்றுக்குக் குழாய் ஸ்பேனர் வேண்டும். சாவி ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்தால் மட்டும் திருப்புங்கள். தளர்வான சாவியால் திருப்பினால் நட்டின் மூலை மழுங்கிவிடும், அதன் பிறகு அந்த நெக் உங்கள் தலையில்தான்.

எப்போதும் முதலில் தளர்த்த வேண்டும். இடது பக்கமாகக் கால் சுற்று. இது முக்கியம். துருப்பிடித்த நட்டை நேரடியாக இறுக்கினால் உள்ளே மரை பிய்ந்துகொள்ளும், அல்லது தண்டே முறியும். அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். ஊசி முனையில் ஒரு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் நட்டின் மரையில் மட்டும் படும்படி விட்டு, ஒரு நாள் ஊற விட வேண்டும். ஸ்ப்ரேயை அப்படியே அடித்தால் மரம் எண்ணெயைக் குடித்துவிடும், பின்னால் பசையும் பெயின்டும் அந்த இடத்தில் பிடிக்காது. விற்பவர் வீட்டில் ஒரு நாள் காத்திருக்க முடியாது என்பதால், அசையாத ராடை வேலை செய்யாத ராடாகக் கருதி விலை பேசுவதே சரி.

தளர்ந்து, மறுபடி இறுக்கும்போது கால் சுற்றுக்குக் கால் சுற்று இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் ராட் உயிரோடு இருக்கிறது. இறுக்கும்போது கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, பிறகு சுருதிக்கு ஏற்றி அளவு எடுங்கள். எவ்வளவு திருப்பினாலும் எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்டு முறிந்திருக்கிறது, அல்லது உள்ளே பிடி விட்டிருக்கிறது. இறுக்கம் கூடிக்கொண்டே போய், நெக் மட்டும் அசையவில்லை என்றால் மரையின் எல்லைக்கு வந்துவிட்டது. இந்தக் கடைசி நிலைமையில் ஒரு மலிவான வழி உண்டு. பழைய பாணி ஒற்றைத் தண்டு ராடில் நட்டை முழுதாகக் கழற்றி, அடியில் ஒன்றிரண்டு வாஷர் போட்டால் இன்னும் கொஞ்சம் இழுக்க இடம் கிடைக்கும். இருபக்கமும் வேலை செய்யும் நவீன ராடில் நட் தண்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அதில் இது நடக்காது. ராடையே மாற்றுவதென்றால் ஃப்ரெட்டுகள் பதிந்த மேல்பலகையான ஃபிங்கர்போர்டைச் சூடு காட்டிப் பெயர்த்து எடுக்க வேண்டும். விலை உயர்ந்த கருவிக்கு அது நியாயம். நம்மூரில் கைமாறும் சாதாரண பேஸுக்கு அந்தக் கூலியில் இன்னொரு பேஸே வாங்கலாம்.

ஆனால் நெக் போனால் எல்லாம் போச்சு என்று இல்லை. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலேயே நெக் நான்கு ஸ்க்ரூவில் கழன்று வரும். அந்த அமைப்பையே இன்றும் பெரும்பாலான மலிவு பேஸ்கள் பின்பற்றுகின்றன. எனவே பின்பக்கம் உலோகத் தகடும் நான்கு ஸ்க்ரூவும் தெரிந்தால் நெக் மாற்றலாம். நெக் அடிப்பாகத்தின் அகலம் 63.5 மி.மீ. ஆகவும், ஸ்கேல் 34 அங்குலமாகவும் இருந்தால் பொதுவாக விற்கும் மாற்று நெக்குகள் பொருந்தும் வாய்ப்பு அதிகம். ஐபனீஸ் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் அடிப்பாகத்தின் வடிவமே வேறு, அதே மாடலின் நெக்தான் தேட வேண்டும். ஒட்டிய நெக், பாடி முழுக்க ஓடும் நெக் என்றால் இந்த வழி அடைபட்டது.

ஒரு விஷயம். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை ஏதோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று அடங்கிப்போகும். இது உடைசல் இல்லை. நெக்கின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை விழுங்கிக்கொள்வதால் வருவது, புத்தம் புதிய ஃபெண்டரிலும் உண்டு. இதைக் காட்டி விலை குறைக்கலாம், ஆனால் இதைச் சரிசெய்யப் பணம் கட்டாதீர்கள்.

உடைந்த தலை

ஃபெண்டர் பாணியில் தலை நெக்கின் போக்கிலேயே நேராக இருக்கும், அது சுலபத்தில் உடையாது. கிப்ஸன், எபிஃபோன் பாணியில் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்வு வெட்டிய இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே போவதாலும், ராடின் நட்டுக்காக அதே இடத்தைக் குடைந்திருப்பதாலும், முகம் குப்புற விழுந்தால் கம்பி உட்காரும் நட்டுக்குப் பின்னால்தான் விரியும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் விரிசல் நீளமாக, சாய்வாக, புதிதாக இருந்தால் இது வாங்கத் தகுந்த உடைசல். நீள விரிசலில் பசை பிடிக்கும் பரப்பு அதிகம். ஒழுங்காக ஒட்டினால் பழைய பலத்துக்கு வந்துவிடும். குறுக்கே வெட்டினாற்போல உடைந்து, மரத் துண்டுகளும் காணாமல் போயிருந்தால் உள்ளே வேறு மரம் பதித்துத்தான் ஒட்ட வேண்டும், செலவு இரண்டு மடங்கு.

புதிதாக இருந்தால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏற்கெனவே யாராவது ஒட்டி மறுபடி விட்டிருந்தால் மரத்தின் துளைகளில் பழைய பசை காய்ந்திருக்கும், புதுப் பசை அதன் மேல் பிடிக்காது. நட்டுக்குப் பின்னால் நெக்கின் முதுகில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு மெல்லிய வரி, பெயின்டின் நிறத்தில் சின்ன மாற்றம், பட்டி பார்த்த இடம் ஏதாவது தட்டுப்பட்டால் கேளுங்கள். கதவு ஜன்னல் செய்யும் ஆசாரியிடம் கொடுத்து, ஸ்க்ரூ அடித்து, மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்த தலைகளும் உண்டு. ஸ்க்ரூ ஏறிய இடத்தில் மரம் மேலும் பிளந்திருக்கும், அதைப் பிரித்துச் சரிசெய்வது புது உடைசலைவிடக் கடினம்.

ஒட்டுவதற்கு டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் மரப்பசை நல்லது. சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் கொஞ்சம் நெகிழ்வாகவே இருக்கும். தொடர்ந்து இழுப்பு இருக்கும் இடத்தில், அதுவும் வெயிலில் நிற்கும் வேனுக்குள், மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். விரிசலுக்குள் பசை முழுதும் இறங்க வேண்டும். கிளாம்ப் போட்டு 24 மணி நேரம், அதன் பிறகும் இரண்டு மூன்று நாள் கழித்தே கம்பி. தஞ்சாவூரில் இதற்கு ஒரு வசதி உண்டு. வீணை செய்பவர்களுக்குப் பலா மரத்தில் குடைந்து, இழைத்து, ஒட்டும் வேலை கைவந்த கலை. தலை ஒட்டும் வேலையை விளக்கிச் சொல்லிக் கொடுத்தால் சுத்தமாக வரும். ஆனால் ஃப்ரெட் வேலைக்கு அவர்களிடம் போகாதீர்கள். வீணையில் மெட்டு என்ற ஃப்ரெட்டுகளை மெழுகில் பதித்து மேளம் கட்டுவார்கள். கிட்டாரில் ஃப்ரெட்டை மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கி, அரத்தால் சமன் செய்ய வேண்டும். கருவியும் அரமும் வேறு, பழக்கமும் வேறு.

பாடியும் பூச்சியும்

பாடியில் கீறல், பெயின்ட் வெடிப்பு பற்றிக் கவலைப்படாதீர்கள். நெக் உட்காரும் பள்ளத்தின் ஓரத்தில் மயிரிழை மாதிரி தெரியும் வெடிப்புகளில் பெரும்பாலானவை பெயின்டோடு நிற்பவை. நெக்கைக் கழற்றிப் பார்த்து, மரத்திலும் அதே கோடு ஓடினால் மட்டுமே விரிசல்.

பின் மூடியைத் திறந்து குழிக்குள் டார்ச் அடியுங்கள். மாற்றி மாற்றி அடுக்கிய கோடுகள் தெரிந்தால் பிளைவுட். பிளைவுட் பேஸ் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், சுமாராகவே சத்தம் தரும். ஆனால் ஒருமுறை நன்றாக நனைந்த பிளைவுட் அடுக்கு விட்டுப் பிரியும், ஸ்க்ரூவைப் பிடிக்காது. 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடு பறந்த வீடுகளில் நனையாத பொருளே இல்லை. அப்படி நனைந்து பரணில் ஏறிய கருவி உங்கள் கைக்கு வரலாம். குழிக்குள் தண்ணீர்க் கறை, பூசணம், பெயின்டுக்கு அடியில் கொப்புளம், பிரிட்ஜைச் சுற்றி லேசான மேடு இவைதான் அடையாளம். அடுக்கு பிரிந்த பாடியைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

பிரிட்ஜ் ஸ்க்ரூ மட்டும் பிடி விட்டிருந்தால் அது சின்ன வேலை. துளையை 6 மி.மீ. ஆக்கி, தேக்குக் குச்சியைப் பசையோடு அடித்து இறக்கி, காய்ந்ததும் மட்டமாக வெட்டி, ஸ்க்ரூவைவிட ஒரு மி.மீ. குறைந்த டிரில்லால் புதுத் துளை போட வேண்டும். ஸ்க்ரூவின் மரையில் மெழுகு தடவி ஏற்றினால் மரம் பிளக்காது. தீக்குச்சியைத் திணித்துச் சமாளித்த பிரிட்ஜ் கம்பி இழுப்பில் மறுபடி கிளம்பும்.

பூச்சி வேறு கதை. 1, 2 மி.மீ. அளவில் குண்டூசி குத்தியது போன்ற துளைகள், தட்டினால் கொட்டும் மாவு போன்ற தூள் என்றால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. மண் பூச்சு தெரிந்தால் கரையான். விரல் முட்டியால் பாடியையும் நெக்கின் அடியையும் தட்டுங்கள், ஓர் இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் உள்ளே காலி. பூச்சி உயிரோடு இருக்கும் கருவியை மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அடுத்தது கட்டில், அதற்கடுத்தது நிலைப்படி.

ஃப்ரெட்

புது ஃப்ரெட் சுமார் 1 மி.மீ. உயரம் இருக்கும். தேய்ந்த பள்ளத்தின் அடியிலிருந்து ஃபிங்கர்போர்டு வரை 0.5 மி.மீ. தகடு வைத்துப் பாருங்கள். அந்த உயரம்கூட இல்லையென்றால் சமன் செய்ய மிச்சம் இல்லை, ஃப்ரெட் மாற்ற வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சமன் செய்து, உச்சியை உருட்டிவிட்டால் போதும். நான்கு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் நெக் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் இரைந்தால் கம்பி உயரம் போதவில்லை, அல்லது நெக்கின் கடைப்பகுதி மேடு தட்டியிருக்கிறது. திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் இரைச்சல் என்றால் அடுத்த ஃப்ரெட் கிளம்பியிருக்கும், அழுத்திப் பிடித்து மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டால் உட்காரும். சித்திரை வைகாசியில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனை கையைக் கீறும். அதை அரத்தால் ராவிவிடலாம், குறை என்று எண்ண வேண்டாம்.

கம்பி உட்காரும் நட் உடைந்திருந்தால் மகிழ்ச்சியாக விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஃபெண்டர் பாணிப் பள்ளத்துக்கு ஏறத்தாழ 3.3 மி.மீ. தடிமன் வேண்டும். எலும்பு நட் வாங்கலாம். பித்தளையில் வேண்டுமென்றால் கும்பகோணத்திலோ நாச்சியார்கோவிலிலோ ஒரு பித்தளைப் பட்டறையில் துண்டு வாங்கி ராவிக்கொள்ளலாம். எழுபது எண்பதுகளில் பித்தளை நட் பேஸ்காரர்களிடம் பெரிய மோகமாகவே இருந்தது.

ஃப்ரெட் முழுதும் போய், நெக் மட்டும் நன்றாக இருக்கிறதா? ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்குவது ஒரு நல்ல யோசனை. சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடாக்கி, வாய் தட்டையான குறடால் மெல்லக் கிளப்பி, பள்ளங்களில் மெல்லிய மரப் பட்டையைப் பசையோடு இறக்கி, காய்ந்ததும் மட்டமாகத் தேய்க்க வேண்டும். நட்டின் பள்ளத்தையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வழுக்கல் பிடித்துப்போகும். மேடையில் இருட்டில் சுருதி தவறாமல் வாசிப்பது உங்கள் பாடு.

சத்தம் வராத பேஸ்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். பேட்டரி இல்லாத சாதாரண பேஸ் என்றால் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். பிரிசிஷன் வகையில் 10 முதல் 12 கிலோ ஓம் வந்தால் பிக்கப் நலம். இரண்டு பிக்கப்பும் இரண்டு வால்யூமும் உள்ள ஜாஸ் வகையில் ஒரு வால்யூமை மூடி மற்றதைத் திறந்தால் 7, 8. இரண்டையும் திறந்தால் 4 கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு. பிரிசிஷன் வகையில் 250 கிலோ ஓமை ஒட்டிக் காட்டினால் நீங்கள் பார்ப்பது வால்யூம் பாட்டை (வால்யூம் குமிழின் மின்தடையை) மட்டுமே, பிக்கப் சுருள் அறுந்திருக்கிறது. மீட்டரை 20 கிலோ ஓம் அளவிலேயே வைத்திருந்தால் இது தெரியாது, பெரிய அளவுக்கு மாற்றிப் பாருங்கள். எந்த அளவிலும் எதுவும் காட்டவில்லை என்றால் ஜாக்கிலோ ஒயரிலோ துண்டிப்பு. பூஜ்யம் என்றால் எங்கோ ஷார்ட். கடைசி இரண்டும் மகிழ்ச்சியான செய்தி, ஒரு ஜாக்கும் பத்து நிமிட சால்டரிங்கும்தான் செலவு.

சுருள் அறுவது கடலோரக் கருவிகளில் அதிகம். பழைய பாணிப் பிக்கப்பில் மெல்லிய செப்புக் கம்பி காந்தத்தின் மேலேயே நேராகச் சுற்றப்பட்டிருக்கும், காந்தம் துருப்பிடித்தால் கம்பியையும் தின்றுவிடும். ரீவைண்டிங் கடைதான் தெருவுக்குத் தெரு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பம்ப்செட் மோட்டார் கட்டுபவரிடம் 0.063 மி.மீ. கம்பியும் இருக்காது, ஆயிரக்கணக்கான சுற்றை அறுக்காமல் சுற்றும் இயந்திரமும் இருக்காது. மலிவான புதுப் பிக்கப் ஒன்றை வாங்கிப் போடுவதே லாபம்.

பேட்டரி உள்ள ஆக்டிவ் பேஸில் மீட்டர் உதவாது. புதிய 9 வோல்ட் போட்டுப் பாருங்கள். பேட்டரிப் பெட்டியில் கசிந்த பேட்டரியின் வெள்ளைப் பொடி இருந்தால் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அதன் ஜாக் ஸ்டீரியோ வகை, கேபிள் செருகினால்தான் பேட்டரி இணையும். யாராவது மோனோ ஜாக் மாற்றியிருந்தால் பேட்டரி ஒன்று எப்போதும் தீரும், இல்லை எப்போதும் இணையாது. பேட்டரியில் ஓடும் உள் ஆம்பான பிரீஆம்ப் செத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, சாதாரண 250 கே பாட் இரண்டும் 0.047 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் போட்டு வாசிக்கலாம், பிக்கப்பும் பேட்டரி கேட்கும் வகையாக இல்லாதவரை.

கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் அது இயல்பு. தொட்டும் மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. திருவிழா மேடையில் மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கிறது என்று விற்பவர் சொன்னால் அது பேஸின் குற்றம் அல்ல. ஜெனரேட்டரின் அல்லது ஆம்பின் எர்த்திங் குறை. அதற்குப் பயந்து பிரிட்ஜ் எர்த் ஒயரை யாராவது வெட்டிவிட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

பணக் கணக்கு

ரூபாயில் சொன்னால் அடுத்த வருடமே பொய்யாகிவிடும். அதனால் ஒரு செட் நல்ல நிக்கல் பேஸ் கம்பியின் விலையை அலகாக வைத்துக்கொள்வோம். தோராயமாக, ஜாக், பாட், கெபாசிட்டர் சேர்த்து அரை செட். மலிவுப் பிக்கப் அரையிலிருந்து ஒன்று. நான்கு கீ ஒன்று. தலை ஒட்டுவது ஒன்றிலிருந்து இரண்டு. ஃப்ரெட் சமன் ஒன்றரை. ஃப்ரெட் மாற்றினால் மூன்று, நான்கு. மாற்று நெக் மூன்றிலிருந்து ஐந்து. எதுவுமே செய்யாவிட்டாலும் புதுக் கம்பி ஒன்று. கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் பழைய கம்பி கொஞ்ச நாளுக்கு உயிர் பெறும் என்பது உண்மைதான், ஆனால் கணக்கில் அதை நம்ப வேண்டாம்.

வாங்கும் விலையும் மொத்தச் செலவும் சேர்ந்து, அதே மாடல் நல்ல நிலையில் கைமாறும் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. நல்ல நிலையில் 8 செட் விலைக்குப் போகும் பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லை ஐந்தே கால். ஃப்ரெட் சமன், ஜாக்கும் பாட்டும், கம்பி சேர்ந்து மூன்று. அவர் 3 செட் விலை கேட்டால் அதிகம், இரண்டுக்குப் பேசுங்கள். மீதி மூன்றில் ஒரு பங்கு உங்கள் அலைச்சலுக்கும், திறந்த பிறகு தெரியவரும் கோளாறுக்கும். பேரில்லாத பிளைவுட் பேஸ் நல்ல நிலையிலேயே இரண்டு மூன்று செட்தான் போகும், எனவே கூலி கொடுத்துச் செய்யும் எந்த வேலையும் அதற்குக் கட்டாது. நீங்களே சால்டரிங் பிடிப்பவர் என்றால் மட்டும் எடுங்கள். இடக்கைப் பேஸ், ஐந்து கம்பிப் பேஸ் போன்றவை இந்தப் பக்கம் அரிதாகவே வரும். அவற்றுக்கு எல்லையைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

நெக் செத்த பேஸைச் சும்மா கொடுக்கும் விலைக்குக் கொடுத்தால் வாங்கிப் போடுங்கள். நான்கு கீ, பிரிட்ஜ், பிக்கப், நெக் தகடு எல்லாம் தனித்தனியாக விலை போகும். பாடி நன்றாக இருந்தால் அதற்குப் பொருந்தும் நெக் பின்னொரு நாள் பாடி உளுத்த இன்னொரு பேஸோடு வரலாம். அதற்காக மூன்று அளவைக் குறித்து வையுங்கள்: நெக் பள்ளத்தின் அகலம், பள்ளத்தின் ஆழம், பள்ளத்தின் உள்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) வரை உள்ள தூரம். புதிதாக வரும் நெக்கில் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் 432 மி.மீ. என்றால் அது 34 அங்குல நெக், 381 என்றால் 30 அங்குலம். நெக்கை மாட்டிய பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலிருந்து சேடிலுக்கும் அதே தூரம், தடித்த கம்பிகளுக்குச் சில மி.மீ. கூடுதலாக, வர வேண்டும். சேடில் ஸ்க்ரூவின் எல்லைக்குள் அது வராவிட்டால் பிரிட்ஜையே நகர்த்தி புதுத் துளை போட வேண்டியிருக்கும்.